டச்பேட் அமுங்கவில்லை, 38 சதவீதத்தில் அணைகிறது: சரிசெய்வதா, பயணத்துக்குப் புதிது வாங்குவதா?

மூட்டைமுடிச்சு (செந்தூல்), திங்கள், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

சின்னக் கடைகளுக்கும் இரண்டு மூன்று பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. மாதம் இரண்டு தடவை இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்குவேன். வருடத்துக்கு இரண்டு தடவை திருச்சி. அத்தை அங்கே தனியாக இருக்கிறார். போன இடத்திலும் வேலை விடாது, அதனால் லேப்டாப்பும் என்னோடு அலைகிறது.

இப்போது இருப்பது 2017-இல் வாங்கியது, 15.6 அங்குலம். காலையில் ஆன் செய்துவிட்டு, காப்பி கலக்கி, குடித்து, தம்ளரையும் கழுவி வைத்த பிறகுதான் எக்செல் திறக்கிறது. பேட்டரி 38 சதவீதம் என்று காட்டும்போதே பொசுக்கென்று அணைகிறது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் இந்தக் கணினிக்கு ஆகாது என்கிறது. போதாக்குறைக்கு இரண்டு மாதமாக டச்பேடின் இடது பக்கம் அமுங்குவதே இல்லை. மவுஸ் ஒன்று வாங்கிச் சமாளிக்கிறேன்.

கையில் 3,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. கழுத்தை நெரித்தால் 4,000. கேம், வீடியோ எடிட்டிங் எதுவும் கிடையாது. எக்செல், கணக்கு மென்பொருள், வங்கி வேலை, அப்புறம் கோவில் கமிட்டிக்குத் தமிழில் கூட்டக் குறிப்பு. எதை வாங்கலாம்? இல்லை, இதையே ஒப்பேற்றலாமா?

கறிபஞ்சிர் (ஜார்ஜ்டவுன்), திங்கள், இரவு 9.21

மேக்புக் ஏர். பேச்சே வேண்டாம்.

திருகாணி (பாயான் பாரு), திங்கள், இரவு 9.48

எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் கடைசியாகச் சொன்ன டச்பேட் விஷயம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

இப்போதே அதை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, மூடி ஒரு சமதரையில் வையுங்கள். மேஜையில் ஆடுகிறதா? மூடியபோது திரைக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் முன்பு இல்லாத இடைவெளி தெரிகிறதா? பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை சார்ஜ் போட வேண்டாம்.

ஏன் கேட்கிறேன் என்றால், பெரும்பாலான லேப்டாப்பில் டச்பேடுக்கு நேர் கீழேதான் பேட்டரி இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு வயதானால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். வாயு வெளியேற வழியில்லாததால் மெல்லிய பை தலையணைபோல் உப்பும். உப்பினால் டச்பேடைக் கீழிருந்து தள்ளும், அப்போது அமுங்க இடம் இருக்காது. நம் ஆட்கள் டச்பேட் கெட்டுவிட்டது என்று நினைத்து மவுஸ் வாங்கிவிடுவார்கள். கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான்.

மூட்டைமுடிச்சு, திங்கள், இரவு 10.05

கண்ணாடி மேஜையில் வைத்தேன். ஒரு மூலையைத் தொட்டால் எதிர் மூலை தூக்குகிறது, ஊஞ்சல் மாதிரி. அடியில் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கிறது. இத்தனை நாள் இந்த ரப்பர் கால் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூடினால் முன்பக்கம் பத்து சென் காசு ஒன்று தாராளமாக உள்ளே போகிறது. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதை மடியில் வைத்துக்கொண்டு போன வாரம்தான் ஈப்போ தாண்டி வந்தேன் அண்ணே. வியாழக்கிழமை மறுபடியும் பினாங்கு. என்ன செய்வது?

திருகாணி, திங்கள், இரவு 10.31

பதற வேண்டாம், ஆனால் அதை இனி ஆன் செய்யாதீர்கள். மெத்தை மேலும் வேண்டாம், காகிதக் கட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஓட்டுத் தரையில் தனியாக வையுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று ஒருவர் யூடியூப் பார்த்துச் செய்தார், புருவம் போனது.

நாளைக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல கடையில் கொடுத்துப் பேட்டரியை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடக் கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். பல லேப்டாப்கள் பேட்டரி இல்லாமலேயே சார்ஜரில் ஓடும். உங்களுடையது ஓடினால் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டாலும் கவலையில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டால் எந்தக் கணினியிலும் படிக்கலாம்.

38-இல் அணைவதும் இதே கதைதான். அந்தச் சதவீதம் கணினி போடும் ஒரு கணக்கு, அளந்து பார்த்த உண்மை இல்லை. தேய்ந்த பேட்டரியிடம் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். கணினி உடனே கையை விரித்துவிடும். எப்போதும் சார்ஜரில் 100-இல் வைத்தே ஓட்டினீர்களா?

மூட்டைமுடிச்சு, திங்கள், இரவு 10.36

ஆமாம். வீட்டில் இருக்கும்போது கழற்றுவதே இல்லை. தலையணை மேல் வைத்துத்தான் வேலை.

திருகாணி, திங்கள், இரவு 10.38

ஹ்ம்.

பழையசோறு (கிள்ளான்), செவ்வாய், காலை 7.50

அக்கா, 3,500 வெள்ளியை அப்படியே கடையில் கொட்டாதீர்கள். நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடும் தொழில்முறை லேப்டாப்கள் நம் ஊரில் நிறையக் கிடைக்கின்றன. அதில் பாதி காசுகூட ஆகாது. என் கையில் இருப்பது திங்க்பேட் டி480. 2018-இல் வந்த மாடல். இன்டெல் எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அதற்கு முந்தைய டி470 ஏறாது. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால் பெட்டியில் எழுதியதை நம்பாமல் உள்ளே பிராசசர் எண்ணைப் பாருங்கள்.

இதில் பேட்டரி இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி. பின்னால் இருப்பது தீர்ந்தால் கணினியை அணைக்காமலேயே வேறொன்றை மாட்டலாம். ரேம் இரண்டு இடத்தில் சொருகலாம். கீபோர்டில் தட்டினால் தட்டிய மாதிரி இருக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 1.6 கிலோ. திரை பலதில் மங்கல், ரயில் சன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

திருகாணி, செவ்வாய், காலை 8.15

பழையசோறு சொல்வது சரி, ஒரே ஒரு நிபந்தனை. வாங்கும் முன் பேட்டரி அறிக்கையைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண் இருக்கும். ஒன்று பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு, மற்றது இன்று முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு. 50-க்கு 42 நின்றால் சரி. 50-க்கு 25 என்றால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். காட்ட மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கறிபஞ்சிர், செவ்வாய், பகல் 12.40

நேற்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனதற்கு மூன்று பேர் தனியாகத் திட்டிவிட்டார்கள். சரி, காரணத்தோடு சொல்கிறேன். மேக்புக் ஏர் 13 அங்குலம் 1.24 கிலோ. காற்றாடியே கிடையாது, சத்தமும் இல்லை. எம்1 என்று 2020 கடைசியில் வந்ததே, அதை வைத்திருக்கும் என் தங்கை இன்னும் காலையில் சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். மூடியைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கணக்கு மென்பொருள் என்று அவர் எழுதியதை நான் படிக்கவில்லை, அது என் தப்பு. நம் ஊரில் சின்ன வியாபாரங்கள் வைத்திருப்பதில் பெரும்பாலானவை விண்டோஸில் மட்டும் ஓடும். மேக்குக்குள் விண்டோஸை ஓட்ட வழி உண்டு, அதற்கும் தனிக் காசு, அதுவும் ஏஆர்எம் விண்டோஸ், அதாவது இன்டெல், ஏஎம்டி இல்லாத வேறு வகைப் பிராசசருக்கானது. வாடிக்கையாளர் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த வித்தையெல்லாம் காட்ட முடியாது. என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

திருகாணி, செவ்வாய், பகல் 12.58

அதே எச்சரிக்கை ஸ்னாப்டிராகன் பிராசசர் போட்ட புது விண்டோஸ் லேப்டாப்களுக்கும். பேட்டரி நன்றாக நிற்கும், பொய்யில்லை. ஆனால் அதுவும் ஏஆர்எம்தான். சாதாரண மென்பொருள் பெரும்பாலும் ஓடிவிடும். பழைய பிரின்டர், ரசீது இயந்திரம், மென்பொருளோடு வரும் யூஎஸ்பி பூட்டு இவற்றின் டிரைவர் (அவற்றைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) ஏஆர்எம்முக்கென்று எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. பட்டறைகளில் இருக்கும் பிரின்டர்கள் என்ன வயது என்று உங்களுக்கே தெரியும். இன்டெல் அல்லது ஏஎம்டி பக்கமே நில்லுங்கள்.

கேபின்ஏழுகிலோ (சுபாங்), செவ்வாய், இரவு 8.20

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் எதைப் பற்றி எழுதுவேன் என்று.

கடையில் ஒட்டியிருக்கும் எடை லேப்டாப்புக்கு மட்டும். சார்ஜரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் பழைய 15.6 அங்குலத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். லேப்டாப் 2.2 கிலோ, அதன் செங்கல் சார்ஜரும் கம்பியும் 450 கிராம். மலிவு விமானத்தில் கேபின் பைகள் இரண்டும் சேர்த்து ஏழு கிலோ. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விட்டால் அத்தைக்கு மைலோவை எங்கே வைப்பது? இப்போது இருப்பது 14 அங்குலம், 1.3 கிலோ. சார்ஜர் 65 வாட் யூஎஸ்பி-சி, உள்ளங்கையில் அடங்கும். கைப்பேசிக்கும் அதுவே. தொலைந்துபோனாலும் எந்த ஊரிலும் வேறொன்று வாங்கலாம். உருண்டை முனை சார்ஜர் தொலைந்தால் திருச்சியில் அதே முனையைத் தேடி அலைய வேண்டும்.

அதனால் கடையில் முதல் கேள்வி இதுதான்: யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா? துளை இருந்தால் மட்டும் போதாது. சில லேப்டாப்பில் அந்தத் துளை வெறும் பென்டிரைவுக்குத்தான். கடைக்காரரின் கைப்பேசி சார்ஜரையே சொருகிக் காட்டச் சொல்லுங்கள், மெதுவாகவாவது ஏறுகிறதா பாருங்கள்.

பவர்பேங்க் வாங்கும் எண்ணம் இருந்தால் கணக்கு இது. பெட்டியில் இருக்கும் மில்லிஆம்பியர்-அவரை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர். 20,000 என்றால் 74. விமானத்தில் 100 வாட்-அவர் வரை கேள்வியில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. 30,000 என்று பெருமையாகப் போட்டிருப்பது 111 ஆகிறது, கவுண்டரில் வாக்குவாதம்தான் மிச்சம். பவர்பேங்க் எதுவானாலும் கையோடு வர வேண்டும், பெட்டியில் போட்டுச் செக்-இன் செய்யக் கூடாது.

தென்கொரியாவில் 2025 ஜனவரியில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையிலேயே தீப்பிடித்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. மலேசியா ஏர்லைன்ஸில் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர்பேங்கைப் பயன்படுத்தவும் கூடாது, தலைக்கு மேல் தட்டில் வைக்கவும் கூடாது. ஆக விமானத்தில் பவர்பேங்கை நம்பி வேலை செய்ய முடியாது. லேப்டாப்பின் சொந்தப் பேட்டரிதான் துணை. 60 வாட்-அவருக்குக் கீழே வாங்காதீர்கள் என்பேன். உங்கள் வீங்கிய பேட்டரியோடு விமானம் ஏறவே கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரயிலில் அந்தக் கவலை இல்லை, இ.டி.எஸ். இருக்கையிலேயே பிளக் உண்டு.

மூட்டைமுடிச்சு, செவ்வாய், இரவு 9.02

பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. கடைத் தம்பி வெளியே எடுத்து மேஜையில் வைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று பட்டையில் நடுப்பட்டை பூரி மாதிரி உப்பியிருந்தது. சார்ஜரில் கணினி ஓடுகிறது, கோப்புகளை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் பினாங்குப் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

இன்னொரு குழப்பம். கோவில் கமிட்டியின் பழைய கூட்டக் குறிப்புகள், 2001 முதல் 2008 வரை, பழைய செயலாளர் தட்டச்சு செய்தவை. என் கணினியில் தமிழாகத் தெரிகிறது. அக்காள் மகனின் லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கொம்பும் வாலுமாக வருகிறது. புது லேப்டாப்பிலும் இப்படித்தான் வருமா?

பென்சன்வாத்தியார் (பிறை), செவ்வாய், இரவு 10.10

வரும் அம்மா. ஆனால் கோப்பு கெடவில்லை, பயப்பட வேண்டாம்.

அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பொருத்தி எழுத்துருச் செய்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலக் கிறுக்கல்தான். அந்த எழுத்துரு மேலே போர்த்தியிருக்கும்வரை நம் கண்ணுக்குத் தமிழ். உங்கள் கணினியில் எழுத்துரு இருக்கிறது, பையன் கணினியில் இல்லை. போர்வை விலகிவிட்டது, அவ்வளவுதான். இதில் திஸ்கி, டாப், டாம் என்று பல முறைகள் வேறு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரே கமிட்டியில் தலைவர் ஒரு முறையிலும் பொருளாளர் ஒரு முறையிலும் அடித்து, மகாசபைக் கூட்டத்தில் அறிக்கையை ஒட்டவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது எல்லாம் யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான முறை. செய்ய வேண்டியது: பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகல் எடுங்கள், இதை எல்லாரும் மறப்பார்கள். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்குங்கள். இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியதும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஸ்ரீ இருக்கும் இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், பிசகினால் அங்கேதான் பிசகும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

தட்டச்சுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ் அமைப்பிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. மேக்கில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உண்டு. அந்த அஞ்சல் நம் ஊர் முத்து நெடுமாறன் கொடுத்தது என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை.

கறிபஞ்சிர், செவ்வாய், இரவு 10.22

பார்த்தீர்களா, மேக்.

திருகாணி, புதன், காலை 9.05

பழைய கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான வட்டு) போட்டால் காப்பி கலக்கும் நேரம்கூடக் கிடைக்காது. ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறாது, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் பாடம் பார்க்க வீட்டோடு இருக்கட்டும்.

புதிதில் என்ன பார்ப்பது? ரேம் 16 ஜிபி, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், 8 வாங்கிவிட்டு அப்புறம் கூட்டலாம் என்ற பேச்சே இல்லை. எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளலாம், அதனால் 512 போதும். பிராசசரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம், எக்செலுக்கு அது வீண். புதிதாக வரும் எதுவும் உங்கள் வேலைக்குத் தாராளம்.

எல்லாரும் எழுதாமல் விடுவது கீல், திரையையும் அடிப்பகுதியையும் இணைக்கும் மூட்டு. ஒரு விரலால் திரையைத் திறந்து பாருங்கள். அடிப்பகுதி கூடவே எழுந்து வராமல் மேஜையிலேயே நின்றால் சரி, மூலையைப் பிடித்துத் தூக்கும்போது நெளிந்தால் வேண்டாம். பயணத்தில் முதலில் உடைவது கீல்தான். என் மேஜையில் இப்போது நான்கு கிடக்கிறது.

வாங்கியதும் சார்ஜை 80-இல் நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். தலையணை கூடவே கூடாது. மாலையில் இடி இடித்தால் பிளக்கைக் கழற்றுங்கள்.

டிக்கெட்வாங்கியாச்சு (ஈப்போ), புதன், காலை 9.30

நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். மாமாக் கடையில் தே தாரிக் லேப்டாப் மேல் கொட்டிவிட்டது. அரிசி மூட்டையில் வைக்கச் சொல்கிறார் அம்மா.

திருகாணி, புதன், காலை 9.33

அம்மாவிடம் அரிசியைச் சோறாக்கச் சொல்லுங்கள். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், பல போர்டுகள் அந்த ஆசையில்தான் போயின. தண்ணீர் காய்ந்துவிடும், பாலும் சீனியும் காயாது, ஒட்டிக்கொண்டு அரிக்கும். இன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து கழுவச் சொல்லுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள்.

இம்பிஇறங்கு (புடு), புதன், இரவு 8.45

கோலாலம்பூரில்தானே இருக்கிறீர்கள், லோ யாட் கணினி அங்காடிக்கு ஒரு நடை போங்கள். மோனோரயிலில் இம்பி அல்லது புக்கிட் பிந்தாங் இறங்கினால் நடை தூரம். சனிக்கிழமை மாலை போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வார நாளில் காலை கடை திறந்த சூடு நல்லது. முதல் மாடியில் கேட்ட விலையை மூன்றாம் மாடியில் சொல்லுங்கள், அவர்களே கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவார்கள். ஐம்பது வெள்ளி குறைப்பதைவிடப் பையும் மவுஸும் கேட்டால் எளிதில் கிடைக்கும்.

உத்தரவாதம் யார் கொடுப்பது என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் மலேசிய உத்தரவாதமா, கடையின் உத்தரவாதமா? கடை உத்தரவாதம் கடை இருக்கும்வரைதான். வரிசை எண்ணை அங்கேயே தயாரிப்பாளர் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், எந்த நாட்டுக்கு, எந்தத் தேதிவரை என்று வரும். திருச்சியில் கெட்டால் அங்கே பார்ப்பார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

என் கதை: ஒரு கடையில் புதிது என்று விற்றார்கள், பதிவு செய்தால் உத்தரவாதம் ஐந்து மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. காட்சிக்கு வைத்திருந்த செட். திருப்பித் தர மறுத்தார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். கட்டணம் ஐந்தே வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். விசாரணை நாளுக்கு முன்பே கடையிலிருந்து போன் வந்துவிட்டது, பணமும் வந்தது. ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் இருந்ததால்தான் முடிந்தது. கையால் எழுதி 'லேப்டாப் 1' என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

ரசீது உங்கள் பெயரிலும் இருக்கட்டும். வருமான வரியில் வாழ்க்கை முறை விலக்கு 2,500 வெள்ளி, அதில் கணினியும் சேரும். கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா!

மூட்டைமுடிச்சு, வெள்ளி, மாலை 4.50

இம்பிஇறங்கு, அதில் ஒரு நுணுக்கம். தொழிலுக்கு என்று வாங்கினால் அந்த விலக்கில் வராது, அது தொழில் கணக்கில் போகும். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் 2,500 என்பதையும் மறக்காதீர்கள். சரி, என் தொழில் புத்தியைக் காட்டிவிட்டேன்.

இன்று காலை வாங்கிவிட்டேன். பழையதையும் பார்த்தேன். ஒரு கடையில் பேட்டரி அறிக்கை கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஆனால் எடுத்துக் காட்டினார். 57-க்கு 31. நடையைக் கட்டினேன். இன்னொரு கடையில் நல்லது ஒன்று இருந்தது. திரையை சன்னல் பக்கம் திருப்பினேன், பழையசோறு சொன்ன மாதிரி என் முகம்தான் தெரிந்தது.

கடைசியில் புதிதுதான். 14 அங்குலம், 1.32 கிலோ, 16 ஜிபி, 70 வாட்-அவர், இன்டெல். 3,399 வெள்ளி. பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே சண்டை தொடங்கும், அதனால் சொல்லவில்லை. கடைப் பெண்ணின் கைப்பேசி சார்ஜரைச் சொருகிப் பார்த்தேன், 'மெதுவாக ஏறுகிறது' என்று எச்சரிக்கை காட்டிவிட்டு ஏறியது. அந்தப் பெண்ணுக்கே அது புதுச் செய்தி. ஒற்றை விரலால் திறந்து கீலையும் பார்த்தேன். நான்கு கடையில் ஒற்றை விரலால் திறந்துகொண்டே வந்ததில் பாதுகாவலர் ஒருவர் என்னைப் பின்தொடர ஆரம்பித்துவிட்டார்.

சார்ஜரோடு வீட்டுத் தராசில் 1.68 கிலோ. கேபின்ஏழுகிலோ, உங்களுக்குத்தான் இந்தத் தகவல்.

டிக்கெட்வாங்கியாச்சு, வெள்ளி, மாலை 5.15

என்னுடையது பிழைத்துவிட்டது. கீபோர்டை மட்டும் மாற்றினார்கள். திருகாணி அண்ணனுக்கு ஒரு தே தாரிக் கடன்.

கேபின்ஏழுகிலோ, வெள்ளி, இரவு 7.30

1.68! அத்தைக்கு மைலோ இரண்டு பாக்கெட்.

கிளம்பும் முன் ஒன்று செய்துவிடுங்கள். புது விண்டோஸ் லேப்டாப்களில் வட்டு தானாகவே பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும், பலருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. குவாந்தானில் விடுதி அறையில் இரவு பதினொரு மணிக்கு ஏதோ அப்டேட் ஏறியது. மறுபடி திறந்தபோது நீலத் திரை, 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்கிறது. அது என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நுழைய ரகசியக் குறியீட்டை என் பழைய கைப்பேசி எண்ணுக்கு அனுப்புகிறது. பழைய எண் அப்போது என் தம்பியிடம். அவன் தூங்கிவிட்டான்.

இப்போதே அந்தச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு பையில் வையுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் எந்த அப்டேட்டும் போடாதீர்கள்.

மூட்டைமுடிச்சு, 3 வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.20

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். லேப்டாப் நன்றாக இருக்கிறது, 80-இல் நிறுத்தியிருக்கிறேன், தலையணை இல்லை. மலேசியாவின் மூன்று சதுரக் கால் பிளக் இங்கே நுழையாது என்பதால் பயண அடாப்டர் ஒன்று போட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு விநோதம். சார்ஜரில் இருக்கும்போது மூடியை விரலால் லேசாகத் தடவினால் கிர்ரென்று கூசுகிறது. மரவட்டை ஊர்வது மாதிரி. கழற்றினால் இல்லை. செந்தூலில் இப்படி இருந்ததே இல்லை. கெட்டுவிட்டதா?

திருகாணி, ஞாயிறு, பகல் 12.02

கெடவில்லை. உங்கள் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அங்கே மின்சாரத்தில் பிரச்சினை இல்லை. பயண அடாப்டரில் இரண்டு கால் மட்டும்தானே? சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும், அதன் வழியாக நுண்ணிய கசிவு ஒன்று வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாததால் உலோக மூடிக்கு வந்து உங்கள் விரலைத் தேடுகிறது. அந்த அளவு மின்சாரம் ஆபத்தில்லை.

சார்ஜரின் கம்பி மூன்று துளை முனையோடு தனியாகக் கழன்று வருமானால், அங்கேயே மூன்று உருண்டைக் கால் உள்ள கம்பி ஒன்று வாங்கி மாட்டுங்கள். அப்படியும் கூசினால் வீட்டு மின்துளையில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடா?

மூட்டைமுடிச்சு, திங்கள், மாலை 6.40

தாத்தா கட்டிய வீடு. புதுக் கம்பி வாங்கி மாட்டியும் கூசியது, அதனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். திறந்து பார்த்தார். மூன்றாவது துளை வெறும் துளைதான், பின்னால் கம்பியே இல்லை. வீடு முழுக்க அப்படித்தானாம். நாளைக்கு ஆள் கூட்டிவந்து எர்த் குழி தோண்டுகிறார்.

அத்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஃப்ரிட்ஜத் தொட்டா கை சுருக்குன்னு இழுக்கும். வயசாயிடுச்சு, நரம்புத் தளர்ச்சின்னுல்ல நெனச்சேன்" என்கிறார்.